வரலாற்றுப் பேரவைக்கு மாணவர்களோடு போவதென்றால்

வரலாற்று ஆய்வாளர்கள் கூடிக் கட்டுரை படிக்கும் தமிழ்நாடு வரலாற்றுப் பேரவை ஆண்டுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ கூடுகிறது. தென்னிந்திய வரலாற்றுப் பேரவையும் இப்படித்தான் ஊர் ஊராகப் போகும். அது பேராசிரியர்கள் சமாச்சாரம், நமக்கென்ன வேலை என்று பள்ளி ஆசிரியர்கள் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி இல்லை, உள்ளூர்ச் செய்தி ஒன்றைக் கையில் வைத்திருப்பவருக்கு அங்கே நல்ல மரியாதை உண்டு.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் முறை போனபோது சங்க காலத்திலிருந்து இன்றுவரை தமிழகப் பெண்கள் என்று 18 பக்கம் எழுதிக்கொண்டு போனேன். ஏழாவது நிமிடம் அமர்வுத் தலைவர் மணியடித்தார், நான் அப்போது சங்க காலத்தையே தாண்டவில்லை. அதே அமர்வில் ஒருவர் தன் ஊர் ஏரியின் மதகைப் பற்றி மட்டும் நாலு பக்கம் படித்தார், கேள்விகள் எல்லாம் அவருக்குத்தான்.

ஆகவே தலைப்பைச் சின்னதாக எடுங்கள். ஒரு நடுகல், ஒரு சத்திரம், உங்கள் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு, எதுவானாலும் சரி. புதுக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கவலையே இல்லை, ஏரிக்குள் இறங்கினால் குமிழித்தூம்பு (ஏரி நீரைத் திறந்துவிடும் பழைய கல் மதகு) நிற்கும், அதன் கல்தூணில் தூம்பைச் செய்து கொடுத்தவர் பெயர் இருக்கவும் வாய்ப்பு உண்டு.

கல்வெட்டு என்றால் முதல் வேலை, அது ஏற்கெனவே பதிப்பிக்கப்பட்டதா என்று பார்ப்பது. இதைச் செய்யாமல் 'புதிய கண்டுபிடிப்பு' என்று நாளிதழுக்குச் சொல்லிவிட்டு அப்புறம் முழிப்பவர்கள் நிறைய. மத்திய அரசின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதல் இருக்கின்றன, தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி 1890இல் வந்தது, புதுக்கோட்டை சமஸ்தானக் கல்வெட்டுகளுக்கு 1929இலேயே தனித் தொகுப்பு வந்துவிட்டது. பழைய நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம். தேடும் வேலையை மாணவர்களிடம் கொடுங்கள். ஊர்ப் பெயரை இன்றைய எழுத்தில் மட்டும் தேடாமல் பழைய பெயரிலும் தேடச் சொல்லுங்கள்.

படம் எடுக்கும்போது எழுத்து தெரியவேண்டுமே என்று சுண்ணாம்போ மாவோ எண்ணெயோ தடவவே கூடாது, கல்லுக்குக் கேடு. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எடுங்கள், இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் பிடித்தால் இன்னும் நன்றாகத் தெரியும். கோயில் என்றால் செயல் அலுவலரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடத்தில் நீங்களாக மைப்படி (எழுத்தின் மேல் தாளை ஒட்டி மை தடவி எடுக்கும் நகல்) எடுக்க முயல வேண்டாம், அதற்கு அனுமதி வேண்டும்.

வாசிப்பில் மாணவர்கள் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. 'கோவிராசகேசரி' என்று கண்டதும் ராஜராஜன் என்று துள்ளிவிடுவார்கள். சோழ மன்னர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறி வைத்துக்கொண்டார்கள், ஆகையால் பட்டத்தை மட்டும் வைத்து இன்னார் என்று சொல்ல முடியாது. கூடவே 'திருமகள் போல' என்ற மெய்க்கீர்த்தித் (மன்னனைப் புகழும் பாடல் பகுதி) தொடக்கம் இருந்தால் முதலாம் ராஜராஜன் என்று தைரியமாக எழுதலாம், ஆட்சியாண்டு கிடைத்தால் 985இலிருந்து எண்ணிக் காலத்தைச் சொல்லலாம். மெய்க்கீர்த்தி இல்லையென்றால் எழுத்தமைதியை, அதாவது எழுத்துகளின் வடிவத்தைப் பார்த்து நூற்றாண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கட்டுரைச் சுருக்கத்துக்கும் பேராளர் (பேரவையில் கலந்துகொள்பவர்) கட்டணத்துக்கும் கடைசி நாள் இருக்கும், அறிவிப்பு வந்த அன்றே தலைமையாசிரியரிடம் காட்டி ஓ.டி. (பணி நிமித்தம் வெளியே போக அனுமதி) கேட்டுவிடுங்கள். மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டா, படிக்காமல் கேட்க மட்டும் வரலாமா என்று உள்ளூர்ச் செயலாளரிடம் கேளுங்கள். தங்குமிடம் பெரும்பாலும் விடுதி அறைதான், போர்வையும் பூட்டும் எடுத்துப் போவது நல்லது.

தொடக்க விழா எப்படியும் தாமதமாகும், பொன்னாடைகள் முடியவே ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் மாணவர்களை உட்காரவைத்து நிகழ்ச்சி நிரலில் ஆளுக்கு மூன்று கட்டுரைகளைக் குறிக்கச் சொல்லுங்கள். ஒரே அறையில் எல்லோரும் அடைந்து கிடக்காமல் பிரிந்து போகட்டும், ஒருவர் ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டு வரவேண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு. 'இதை எங்கே பார்த்தீர்கள்?' என்ற கேள்வியே போதும், நல்ல ஆய்வாளர் அதற்குப் பத்து நிமிடம் பதில் சொல்வார். சான்றிதழை வாங்கியதும் பஸ்ஸைப் பிடிக்கும் பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகளும் கெடுவார்கள், கொஞ்சம் கவனம்.

உங்கள் முறை வரும்போது தாளைப் பார்த்துப் படிக்காதீர்கள். கல் எங்கே இருக்கிறது, என்ன எழுதியிருக்கிறது, அதனால் நமக்குப் புதிதாக என்ன தெரிகிறது, இந்த மூன்றைச் சொன்னால் ஐந்து நிமிடம் சரியாக இருக்கும். கல்லின் படத்தைப் பெரிதாக அச்செடுத்து ஒரு மாணவரைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள், புரொஜெக்டரை நம்ப முடியாது. யாராவது உங்கள் வாசிப்பில் ஓர் எழுத்தைத் திருத்தினால் அங்கேயே குறித்துக்கொண்டு தேநீர் இடைவேளையில் அவரைப் பிடியுங்கள், மாணவர்களையும் கூட்டிக்கொண்டு. கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த ஒருவரோடு படத்தை வைத்துக்கொண்டு நிற்கும் அந்தக் கால் மணி நேரத்துக்காகவே நான் வருடா வருடம் போகிறேன்.

திரும்பி வந்ததும் திருத்திய கட்டுரையை உடனே அனுப்பிவிடுங்கள், தள்ளிப்போட்டால் பேரவைக் கட்டுரைகளின் தொகுப்பில் இடம் கிடைக்காது. தொகுப்பு அச்சாகி வந்தால் ஊர்ப் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், எங்கள் ஊர் பெயரை ஒருமுறை பக்கத்துத் தாலுகாவில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்! ஒரு நகலைப் பள்ளி நூலகத்தில் வையுங்கள், இன்னொன்றை அந்தக் கல்லைக் காட்டிக் கொடுத்த பெரியவரிடம் கொடுங்கள்.