இணையவழித் தன்னார்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தின் கடற்கரை ஊர்களிலும் மலையோரக் குடியிருப்புகளிலும் வாழ்வோருக்கு, சென்னையிலோ வளைகுடா நாடுகளிலோ இருந்தபடி இணையப் பயன்பாட்டைக் கற்பிக்க முன்வருவோர் செய்யும் பெரிய தவறு, கற்றுக்கொடுப்பதற்குப் பதிலாகத் தாமே எல்லாவற்றையும் செய்து முடிப்பதுதான். வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க உதவி கேட்பவரிடம் ஆதார் எண்ணையும் ஓடிபியையும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டால் வேலை விரைவில் முடிந்துவிடும். ஆனால், முகம் தெரியாத ஒருவர் அன்பாகக் கேட்டால் ஓடிபியைச் சொல்லிவிடலாம் என்ற பழக்கமும் அதனோடு சேர்ந்தே வந்துவிடும். மோசடிக்காரர்கள் காத்திருப்பது அதற்குத்தான். தொலைவிலிருந்து அவருடைய திரையை இயக்கும் செயலியை நிறுவச் சொல்வது இதனினும் ஆபத்தானது.

"அக்கா, மேலே வலது பக்கம் மூணு புள்ளி தெரியுதா?" என்று கேட்டு, திரையில் தெரிவதை அவர் வாயாலேயே சொல்ல வைத்து, அவர் விரலாலேயே அழுத்த வைக்க வேண்டும். இதற்குப் பொறுமை மிகவும் தேவை. அது இல்லாதவர்கள் வேறு வகையில் உதவலாம். யுபிஐ வழியாகப் பணம் பெறுவதற்கு ரகசிய பின் எண் தேவையில்லை என்பதையும், பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது, எதிரே இருப்பவருக்கு எதுவும் தெரியாது என்று எண்ணிக்கொள்வது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்திலேயே எழுத்தறிவு விகிதம் மிகுந்த மாவட்டம் இது. வெளிநாட்டில் இருக்கும் கணவரோடு காணொளியில் பேசிப் பழகிய பெண்ணுக்குக் கைப்பேசியை எப்படி இயக்குவது என்று பாடம் நடத்தினால், மறுநாள் அவர் வரமாட்டார். குரல் பதிவு அனுப்பத் தெரிந்தவருக்குக் குரல்வழித் தட்டச்சைக் காட்டி, அங்கிருந்து தேடலுக்கும் படிவத்துக்கும் அழைத்துச் செல்லலாம்.

நேரத்தைத் தமது வசதிக்கு வகுத்துக்கொள்வதும் தவறே. ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்குக் காலை வகுப்பு ஒத்துவராது. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பகுதி விசைப்படகு மீனவர்கள் மேற்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலமான ஜூன், ஜூலை மாதங்களில் கரையில் இருப்பார்கள். சின்னமுட்டத்திலோ கிழக்குக் கடற்கரைத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு நாட்காட்டிகள் இருப்பதை அறியாமல் போடும் அட்டவணையால் பயனில்லை.

சிக்னல் விட்டுவிட்டு வரும் மலைப்பகுதிக்கு நேரலைக் காணொளி வகுப்பு பொருந்தாது. சிறிய குரல் பதிவுகளும் தரவிறக்கி வைத்துக்கொள்ளும் பாடங்களும் போதும். குழந்தைகளின் படங்களைப் பெற்றோரின் சம்மதமின்றிப் பகிரவே கூடாது.

பெரும்பாலும் எவரும் கவனிக்காத தவறு ஒன்றும் உண்டு. மின்னஞ்சல் கணக்கு தொடங்கும்போது, அவசரத்தில் தன்னார்வலர் தமது கைப்பேசி எண்ணையே மீட்பு எண்ணாகக் கொடுத்துவிடுகிறார். பின்னாளில் அவர் எண்ணை மாற்றிவிட்டால், கடவுச்சொல்லை மறந்த மாணவி கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் தன் கணக்குக்குள்ளேயே நுழைய முடியாமல் நிற்பாள். ஆகவே மீட்பு எண் அந்த வீட்டாருடையதாகவே இருக்க வேண்டும். கடவுச்சொல்லை அவர்களே அமைத்து, வீட்டில் பத்திரமான ஒரு நோட்டில் தம் கையால் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.