பேஷன்ட் வாய திறப்பாரு, ஸ்டாஃப் திறக்க மாட்டாங்க: டென்டல் கிளினிக் நடத்துறவங்க பண்ற தப்புகள்

பிடிஎஸ்ல அஞ்சு வருஷம் பல்ல பத்தி படிக்கிறோம், எத்தன பல்லு புடுங்குன எத்தன ஃபில்லிங் போட்டன்னு கோட்டா கணக்கு பாப்பாங்க, ஆனா ரெண்டு அசிஸ்டன்ட் ஒரு ரிசப்ஷனிஸ்ட்ட வச்சு எப்படி வேலை வாங்குறதுன்னு ஒரு நாள் கூட யாரும் சொல்லி தர்றதில்ல. லோன் போட்டு சேர் வாங்கி போர்டு மாட்டுன அன்னிக்கு திடீர்னு நாம முதலாளி. நான் பண்ணதும் கூட படிச்சவங்க பண்ணதுமா சில தப்புகள இங்க எழுதுறேன்.

பேஷன்ட் முன்னாடி திட்டுறதுதான் எல்லாரும் பண்றது. ஒரு மே மாசம் பல் செட்டுக்கு அளவு எடுக்கிறேன், அசிஸ்டன்ட் பொண்ணு அல்ஜினேட்ட, அதாவது அளவு எடுக்கிற பவுடர, தண்ணில கலந்து ட்ரேய குடுக்குது, வாய்க்குள்ள போறதுக்குள்ள ரப்பர் மாதிரி இறுகிடுச்சு. ரெண்டாவது தடவயும் அதே. நல்லா கத்திட்டேன். சேர்ல இருந்த பாட்டி, "ஏன் தம்பி, அது கை நடுங்குது பாரு, அதட்டுனா வேலை ஓடுமா"ன்னுச்சு. அப்புறம் பாத்தா தப்பு அந்த பொண்ணு மேல இல்ல, மொட்டமாடி டேங்க்ல வெயில்ல காஞ்ச தண்ணி சூடா வந்திருக்கு, தண்ணி சூடா இருந்தா அல்ஜினேட் சீக்கிரம் செட் ஆயிடும், இத நான் எப்பவுமே சொல்லி குடுக்கல. இப்ப வெயில் காலத்துல ஃப்ரிட்ஜ்ல ஒரு பாட்டில் தண்ணி இருக்கும்.

திட்டுறதோட உண்மையான விலை எனக்கு வேற ஒரு நாள்தான் புரிஞ்சுது. அதே பொண்ணுக்கு ஒரு திங்கக்கிழம சாயந்தரம் யூஸ் பண்ண ஊசிக்கு மூடி போடும்போது விரல்ல குத்திடுச்சு, எனக்கு தெரிஞ்சது வியாழக்கிழம காலைல, அதுவும் ரிசப்ஷன் அக்கா சொல்லித்தான். ஏம்மா சொல்லலன்னா, "நீங்க கத்துவீங்கன்னு பயந்துட்டேன் சார்". ஊசி குத்துனா உடனே சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவணும், விரல புடிச்சு அமுக்கி ரத்தம் எடுக்க கூடாது, எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவைப்பட்டா முடிஞ்ச வரைக்கும் 2 மணி நேரத்துக்குள்ள, தாண்டி போனா 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும். எங்களுக்கு பாக்கி இருந்தது கொஞ்ச நேரம்தான். ஜிஎச்சுக்கு கூட்டிட்டு ஓடுனேன், நல்லவேளையா அந்த பேஷன்டும் வந்து ரத்தம் குடுத்தாரு, ஒண்ணும் இல்லன்னு ரிசல்ட் வந்துச்சு. ஹெபடைடிஸ் பி ஊசி நான் காலேஜ்லயே போட்டுக்கிட்டேன், அந்த பொண்ணுக்கு போட்டிருக்கான்னு ஒரு தடவ கூட கேட்டதில்ல. மூணு டோஸ்தான், இன்னிக்கு, ஒரு மாசம் கழிச்சு, ஆறு மாசம் கழிச்சு. வேலைக்கு சேர்ற அன்னிக்கே நம்ம காசுல போட்டு விடுங்க. ஊசி போட்ட டாக்டரே மூடியும் போடணும், மூடிய ட்ரேல படுக்க வச்சுட்டு ஒத்த கையால, அத அசிஸ்டன்ட் கைல நீட்டுறதே நம்ம தப்பு.

அடுத்தது, "இது கூடவா தெரியாது". கிளீன் பண்ணி வைன்னா உங்களுக்கு ஒரு அர்த்தம், பன்னெண்டாவது முடிச்சுட்டு வந்த புள்ளைக்கு ஸ்பிரிட்ல தொடச்சு வைக்கிறதுன்னு அர்த்தம். ஆட்டோகிளேவ்ல, அதாவது கருவிகள சூடான ஆவில கிருமி இல்லாம ஆக்குற மெஷின்ல, கருவி போட்ட பவுச்ச திணிச்சு அடுக்குனா ஆவி உள்ள போகாது, பவுச்ல போட்டதுக்கு 121 டிகிரில 30 நிமிஷம் வேணும்னு பக்கத்துல நின்னு நாலு நாள் செஞ்சு காட்டுங்க. வாட்ஸப்ல ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் போட்டா அது சொல்லி குடுத்ததா ஆகாது.

காசு விஷயத்துல நான் ரொம்ப நாள் ஒரு அல்பத்தனம் பண்ணேன். ரிசப்ஷன்ல அக்கா ஸ்கேலிங்குக்கு (பல்லுல படிஞ்ச காறைய எடுக்கிறது) இவ்ளோன்னு கறாரா சொல்லும், அப்படி சொல்ல சொன்னதே நான்தான், பேஷன்ட் உள்ள வந்து "கொஞ்சம் பாத்து போடுங்க டாக்டர்"னா சிரிச்சுகிட்டே கொறச்சுடுவேன். எனக்கு தங்கமான டாக்டர்னு பேரு, அந்த அக்காவுக்கு சிடுமூஞ்சின்னு பேரு. கொறைக்கணும்னா அத அவங்க கையால கொறைக்க விடுங்க.

வாரத்துக்கு ஒரு நாள் வர்ற கன்சல்டன்ட் நம்ம ஸ்டாஃப்கிட்ட எரிஞ்சு விழும்போது, அவர் வரலன்னா கேஸ் போயிடுமேன்னு நாம கம்ப்யூட்டர பாத்துட்டு உக்காந்திருப்போம். அத எல்லாரும் கவனிக்கிறாங்க. வீட்டம்மா ஒண்ணு சொல்லி நாம ஒண்ணு சொல்றது இன்னொரு தலவலி, யார் பேச்சு ஃபைனல்னு வீட்லயே பேசி முடிச்சுட்டு வாங்க. "நாமெல்லாம் ஒரே ஃபேமிலி மாதிரி"ன்னு தயவு செஞ்சு சொல்லாதீங்க, பெரும்பாலும் சம்பளம் ஏத்தாதப்பவும் லீவு குடுக்காதப்பவும்தான் அந்த வசனம் வரும்.

போன வாரம் ஒரு ரூட் கேனால் நடுவுல போன் அடிச்சுது, கிளவுஸ் கையோடயே எடுத்து கட் பண்ணிட்டு திரும்புறேன், அந்த பொண்ணு எச்சில் உறிஞ்சுற சக்ஷன் ட்யூப புடிச்சுகிட்டே மெதுவா, "சார், கிளவுஸ்"னுச்சு. ஒரு செகண்ட் சுருக்குன்னுதான் இருந்துச்சு. கழட்டி போட்டுட்டு வேற மாட்டுனேன்.