கார்பன் பிளாக் கட்டி உடையாமல் நின்றபோது

எங்கள் நீடரில் (ரப்பர் பிசைந்து கலக்கும் மெஷின்) கலந்த ரப்பரை வெட்டிப் பார்த்தால், வலுவுக்காகச் சேர்க்கும் கரித்தூளான கார்பன் பிளாக் சரியாகப் பரவாமல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. கலக்கும் நேரத்தைக் கூட்டினேன், ரப்பர் சூடானதுதான் மிச்சம். அப்புறம் மெஷினை நிறுத்தி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பார்த்தால், உள்ளே சுழலும் ரோட்டரின் இறக்கை நுனி தேய்ந்து, கலக்கும் அறையான சேம்பரின் சுவரோடு இடைவெளி நன்றாகவே விரிந்திருந்தது. அந்தக் குறுகிய இடுக்கில் ரப்பர் நசுங்கி இழுபடும்போதுதான் கட்டி உடையும். இடம் கூடினால் உடையாமல் வழுக்கிப் போய்விடும். இறக்கையின் திருகுச் சாய்வுக்கு வேறு வேலை, ரப்பரைப் பக்கவாட்டில் தள்ளிப் பரப்புவது, அது எங்களிடம் சரியாகவே இருந்தது. நுனியில் தேய்மானம் தாங்கும் உலோகத்தை வெல்டிங்கில் ஏற்றி, பழைய அளவுக்கு கிரைண்டிங் செய்தோம். புள்ளிகள் போயின. இப்போது சூடு சீக்கிரம் ஏறுகிறது, அதனால் வேகத்தைக் குறைத்தேன். கந்தகம் சூட்டில் ரப்பரை முன்கூட்டியே இறுக்கிவிடும் என்பதால், அதை மட்டும் கலவை 100 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறிய பிறகே ரோல் மில்லில் (இரண்டு உருளைகளுக்கு இடையே ரப்பரை அரைக்கும் மெஷின்) சேர்க்கிறோம்.