‘ரூஃபஸ்’ என்ற நிறச்சொல்லைத் தமிழில் எழுதும் முறை

ஆங்கிலப் பறவைக் கையேட்டை வைத்துக்கொண்டு தமிழில் குறிப்பு எழுதுபவர்களுக்குத் தொடர்ந்து இடர் தரும் சொல் ‘ரூஃபஸ்’. அன்றாட ஆங்கிலப் பேச்சில் இது அரிதாகவே வரும். சிவந்தது என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. 1087 முதல் 1100 வரை இங்கிலாந்தை ஆண்ட இரண்டாம் வில்லியமுக்கு, முகத்தின் சிவப்பாலோ முடியின் சிவப்பாலோ, இதுவே பட்டப்பெயராயிற்று. இன்று இது குறிப்பது இரத்தச் சிவப்பை அன்று; இரும்புத் துருவையும் சூளையில் வெந்த செங்கல்லையும் ஒத்த செம்பழுப்பையே.

முடிக்கும் இறகுக்கும் ஒரே சொல் பொருந்துவது தற்செயலன்று. இரண்டிலும் மெலனின் என்னும் நிறமி இருக்கிறது. அதன் ஒரு வகையான ஃபியோமெலனின் மிகும்போது மனித முடியும் சிவக்கிறது, பறவையின் இறகும் துரு நிறம் கொள்கிறது. ஆனால் தமிழ், நிறத்தை அது தங்கியிருக்கும் உடலோடு சேர்த்தே பெயரிட்டுப் பழகிய மொழி. ஆகவே ‘ரூஃபஸ்’ என்பதற்கு ஈடாக ஒற்றைச் சொல்லைத் தேடாமல், யாருடைய உடலில் அந்த நிறம் இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மனித முடியானால் ‘செம்பட்டை’ என்ற சொல் உடனே நாவில் வரும். அதை எண்ணிப் பார்த்தே எழுத வேண்டும். எண்ணெய் காணாமல் வெயிலில் காய்ந்து நிறம் மங்கிய தலையையும் நம் ஊர்களில் அப்படித்தான் சொல்கிறார்கள். பிறவியிலேயே சிவந்த முடியுடைய ஒருவரைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல் பராமரிப்பின்மையையும் சேர்த்துச் சொல்லிவிடும். அங்கே ‘செந்நிற முடி’ என்பதே நேர்மையானது. மாடானால் ‘செவலை’. காங்கேயம் பக்கத்தில் மயிலை (சாம்பல்), காரி (கருமை), செவலை (சிவப்பு) என்று சொன்னாலே கேட்பவர் மாட்டைக் கண்முன் நிறுத்திக்கொள்வார். அங்கும் ஒரு கவனம் தேவை: காங்கேயம் கன்றுகள் பிறக்கும்போது சிவந்திருந்து, ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறுவதால், கன்றின் நிறத்தைப் பார்த்து மாட்டுக்குப் பெயரிட முடியாது.

பறவையானால் ‘செம்மை’ என்னும் அடியிலிருந்து பெயரை அமைக்கலாம்: வால் சிவந்தால் செவ்வால், தலை சிவந்தால் செந்தலை, கழுத்து சிவந்தால் செங்கழுத்து, முதுகு சிவந்தால் செம்முதுகு. பெயர் அழகாக அமைந்துவிடும். நிறம் மட்டும் தெளிவாகாது. கொண்டைக்குருவியின் வாலடியில் உள்ள உண்மையான சிவப்புக்கும் இதே ‘செம்மை’தான் வருகிறது. எனவே பெயரை எழுதிய பின், விளக்கத்தில் ஒரு முறையாவது ‘துருச் சிவப்பு’ என்றோ ‘செங்கல் நிறம்’ என்றோ எழுதிவிடுங்கள்.

மக்கள் வைத்த பெயர் ஏற்கெனவே இருக்குமானால் அதை மாற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கையேட்டில் ‘ரூஃபஸ் ட்ரீபை’ என்றிருக்கும் பறவை நமக்கு வால்காக்கை. காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த அது தோட்டத்துச் சாளையின் (தோட்டத்து வீட்டின்) வேம்பிலும் பனையிலும் வந்து அமரும்போது, கரிய தலையும் துரு நிற உடலும் கரிய நுனியுடைய நீண்ட சாம்பல் வாலும் தெரியும். ஆங்கிலேயர் நிறத்தைப் பார்த்துப் பெயரிட்ட இடத்தில் நாம் வாலைப் பார்த்திருக்கிறோம். செம்போத்தில் இது தலைகீழ்: அதன் சிறகின் செம்மை நம் பெயரில் இருக்கிறது, ஆங்கிலப் பொதுப்பெயரில் இல்லை.

பழந்தமிழில் இன்னொரு சொல்லும் உண்டு: குரால். மங்கிய செம்பழுப்பைக் குறிக்கும் அது, குறுந்தொகையின் 224ஆம் பாடலில் கிணற்றில் விழுந்த பசுவுக்கும், நற்றிணையில் இரவில் ஒலிக்கும் கூகைக்கும் அடையாக வருகிறது. விலங்குக்கும் பறவைக்கும் பொதுவாக நின்ற இந்தச் சொல்லை மீண்டும் வழக்குக்குக் கொண்டுவர வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன். ஆயினும் முதன்முறை எழுதும்போது பொருளையும் சேர்த்தே எழுதுங்கள்.

நிறத்தைக் குறிக்கும் நேரமும் முக்கியம். மாலை வெயிலில் தவிட்டு நிறப் பறவையும் சிவந்து தோன்றும்; செம்மண்ணில் புரண்டெழுந்த பறவையின் இறகில் மண்ணின் நிறம் ஒட்டியிருக்கும்; இறகு உதிர்க்கும் பருவத்துக்கு முன் வெயிலால் நிறம் வெளுத்திருக்கும். வெயில் சாய்வதற்கு முன், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு நின்று, உடலின் எந்தப் பகுதியில் நிறம் இருக்கிறது என்பதை முதலில் எழுதி, நிறத்தின் பெயரை அதன் பிறகு எழுதுங்கள். ஒரு குறிப்பு இப்படி அமையலாம் (கொறங்காடு என்பது வேலியிட்ட மேய்ச்சல் நிலம்): “கொறங்காடு, கிளுவை வேலியோரம், காலை 8 மணி. தரையில் செவ்வால் வானம்பாடி ஒன்று. மேலுடல் மங்கிய பழுப்பு. வால் துருச் சிவப்பு, நுனியில் கரும்பட்டை.”