வரைபட அச்சுக்கு ஸ்பாட் கலர்: நான் பட்டது போதும்

போன வாரம் ஒரு தம்பி தன் முதல் மலைப்பாதை வரைபடத்தை அச்சுக்கு அனுப்பும் முன் என்னிடம் காட்டினார். கோப்பைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது, பல வருடம் முன்பு நான் செய்த அதே தவறு. பேன்டோன் எண்ணை (மை நிறத்துக்கான அடையாள எண்) சரிபாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

சம உயரக் கோடுகளை நாக்அவுட்டில் விடுவது

ஸ்பாட் கலருக்கு, அதாவது ஒவ்வொரு நிறத்துக்கும் தனி மைக்கு, போவதே இந்த மெல்லிய பழுப்புக் கோடுகளுக்காகத்தான். ஓரியன்டீரிங் (வரைபடமும் திசைகாட்டியும் வைத்து வழி கண்டுபிடிக்கும் விளையாட்டு) வரைபடங்களுக்கான சர்வதேச விதிப்படி சாதாரண சம உயரக் கோட்டின் தடிமன் 0.14 மி.மீ. அதை நான்கு வண்ணக் கலவையில் போட்டால் புள்ளி புள்ளியாக உடையும். தனிப் பழுப்பு மையில் ஒரே பிளேட்டில் (அச்சுத் தகடு) போட்டால் சுத்தமாக விழும். இதுவரை யாரும் தவறுவதில்லை.

காட்டுப் பச்சையின் மேல் அந்தக் கோடு ஏறும்போதுதான் சிக்கல். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், மென்பொருள் கோட்டுக்கு அடியில் உள்ள பச்சையை வெட்டி எடுத்துவிடும். இதுதான் நாக்அவுட். அந்த 0.14 மி.மீ. இடுக்கில் பழுப்பு பிசகாமல் உட்கார வேண்டும். ஆனால் மெஷினில் தாள் ஈரம் பட்டு நீளும். 0.1 மி.மீ. விலகினாலே ஒரு பக்கம் வெள்ளை இழை தெரியும்.

கொடைக்கானல் பக்கம் நான் போட்ட வரைபடத்தில் சோலைக்காடு முழுக்க அப்படித்தான் ஆனது. மெஷின்மேன் அரை மணி நேரம் ரிஜிஸ்டரை, அதாவது நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும் இடத்தை, திருகிப் பார்த்தார். ஒரு மூலை சரியானால் எதிர் மூலை விலகியது. அவர்மேல் தப்பே இல்லை. 1,000 தாளும் பழைய பேப்பர் கடைக்குப் போயின. தாள், பிளேட், மை எல்லாம் என் கைக்காசு. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் ஒரே ஒரு டிக் போட்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

பழுப்பு, நீலம், கறுப்புக் கோடுகள் அனைத்துக்கும் ஓவர்பிரிண்ட் கொடுங்கள், அதாவது அடியில் உள்ள நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சாகட்டும். பச்சை மேல் பழுப்பு சற்று அடர்த்தியாகத் தெரியும், கோட்டுக்கு அது நல்லதுதான். திரையில் சும்மா பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. அக்ரோபாட்டில் அவுட்புட் ப்ரிவ்யூவைத் திறந்து பழுப்பை மட்டும் அணைத்துப் பாருங்கள். பச்சையில் வெள்ளைத் தடங்கள் தெரிந்தால் கோப்பை அனுப்பாதீர்கள்.

வெள்ளைக்கு ஓவர்பிரிண்ட்

கூடவே கூடாது. ஊர்ப் பெயரைச் சுற்றியுள்ள வெள்ளை விளிம்பு அச்சில் காணாமல் போய்விடும்.

ஸ்கிரீன் கோணம்

மஞ்சள் டின்ட்டும் பச்சை டின்ட்டும் (புள்ளிகளாக அச்சாகும் வெளிர் நிறம்) ஒன்றின் மேல் ஒன்று வரும் இடத்தில் இரண்டின் புள்ளி வரிசைகளும் ஒரே கோணத்தில் இருந்தால் அலை அலையாகக் கோலம் விழும். பிளேட் எடுக்கும் முன்பே அச்சகத்தில் பேசிவிடுங்கள்.

ஒரே நிறம், இரண்டு பெயர்

ஒரு லேயரில் பேன்டோன் 471 சி, இன்னொன்றில் 471 யூ (சி பூச்சுள்ள தாளுக்கு, யூ பூச்சில்லாத தாளுக்கு). நம் கண்ணுக்கு ஒரே பழுப்புதான், ஆனால் பிளேட் இரண்டாக வரும். வேறு வேறு கோப்பிலிருந்து ஆறு, சாலை என்று எடுத்து ஒட்டும்போது இது நுழைந்துவிடும். அந்தத் தம்பி ஐந்து நிறத்துக்கு விலை பேசியிருந்தார். கோப்பில் எண்ணிப் பார்த்தோம், ஒன்பது பிளேட்.