விக்டோரிய நாவலில் மரபணுவைத் தேடாதீர்கள்

ஒவ்வோர் ஆண்டும், விக்டோரியா ராணி காலத்து ஆங்கில நாவல்களில் பரம்பரை, குடும்பச் சாயல் பற்றி எழுதும் ஆய்வு மாணவர்களின் முதல் வரைவுகளைப் படிக்கும்போது, என் பழைய தவறுகளே வேறு பெயர்களில் திரும்பி வருகின்றன. எழுத்துப்பிழை, பாத்திரப் பெயர்க் குழப்பம் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

மெண்டலை முன்கூட்டியே அழைத்து வருவது

பட்டாணிச் செடிகளை வளர்த்து மரபு விதிகளைக் கண்ட துறவி மெண்டல். அவரை அவருக்கு முந்திய நாவலுக்குள் இழுப்பதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. எனக்கு இது ஆறு மாதத்தைத் தின்றது.

எமிலி பிராண்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவல் முடியும் தறுவாயில் ஒரு காட்சி. இளைய கேத்தரின், தன் மாமன் மகன் ஹேர்ட்டனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். ஹீத்கிளிஃப் உள்ளே வருகிறான். இருவரும் ஒன்றாக நிமிர்கிறார்கள். இருவருக்குமே, அவன் காதலித்துச் செத்துப்போன மூத்த கேத்தரினின் கண்கள். அவள் இளையவளுக்கு அம்மா, ஹேர்ட்டனுக்கு அத்தை.

நான் கட்டம் போட்டேன். பள்ளி உயிரியல் நோட்டில் ஓங்கு, ஒடுங்கு என்று பெரிய எழுத்தும் சிறிய எழுத்துமாகப் போடுவோமே, அதே கட்டம். இளைய கேத்தரினின் அப்பா வழி லிண்டன் வீட்டு நீலக் கண், அம்மா வழி எர்ன்ஷா வீட்டுக் கருங்கண் என்று இருபது பக்கம் ஓட்டினேன். நெறியாளர் ஒன்றே ஒன்று கேட்டார்: “இந்த நாவல் வந்த வருஷம் மெண்டல் என்ன செய்துகொண்டிருந்தார்?”

போய்ப் பார்த்தேன். நாவல் 1847. அந்த ஆண்டுதான் மெண்டல் குருப்பட்டமே பெற்றார். பட்டாணிக் கட்டுரை அச்சேறியது 1866-இல். அறிவியல் உலகம் அதைத் தூசி தட்டி எடுத்தது 1900-இல். விக்டோரியா இறந்தது 1901 ஜனவரியில். கணக்கு முடிந்தது.

ஆனால் உண்மையான நஷ்டம் வேறு. கட்டத்தில் மூழ்கிக் காட்சியையே கோட்டைவிட்டிருந்தேன். ஹீத்கிளிஃப் ஹேர்ட்டன் கையிலிருந்த புத்தகத்தை வாங்குகிறான், விரித்திருந்த பக்கத்தைப் பார்க்கிறான், பேசாமல் திருப்பிக் கொடுக்கிறான். இந்த இரு குடும்பங்கள் மீதும் இத்தனை வருடம் பழி வளர்த்தவனுக்குக் கை ஓங்கவில்லை. பேய் செய்ய வேண்டிய வேலையை இங்கே ஜாடை செய்கிறது. ‘அப்படியே அவ அம்மாவை உரிச்சு வெச்சிருக்கா’ என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் பாட்டிகளுக்கு இது உடனே புரிந்திருக்கும்.

‘இரத்தம்’ வெறும் உவமை என்று தள்ளுவது

உடலின் ஒவ்வொரு பகுதியும் நுண்துகள்களை வெளியிடுகிறது, அவை சேர்ந்துதான் அடுத்த தலைமுறைக்குப் போகின்றன என்று 1868-இல் டார்வின் எழுதினார். அவர் உறவினர் கால்டன், ஒரு நிற முயலின் இரத்தத்தை வேறு நிற முயலுக்கு ஏற்றி, குட்டிகளைப் பார்த்தார். நிறம் மாறவில்லை. 1871-இல் முடிவை வெளியிட்டதும், துகள்கள் இரத்தத்தில் ஓடுவதாக நான் சொல்லவே இல்லையே என்றார் டார்வின்! இப்படி ஊசி ஏற்றிச் சோதித்த காலத்தில் ‘குடும்ப இரத்தம்’ என்ற சொல்லுக்கு இருந்த கனமே வேறு.

பாத்திரத்தின் பேச்சை ஆசிரியர் தலையில் கட்டுவது

‘ஜேன் அயர்’ நாவலில், பெர்த்தாவின் பைத்தியம் மூன்று தலைமுறையாக வருவது என்று சொல்வது, அவளை மனைவியாக வைத்துக்கொண்டே ஜேனை மணக்கப் பார்த்த ராச்செஸ்டர். அதுவும் திருட்டுக் கல்யாணம் பாதியில் பிடிபட்ட நிமிடத்தில்.

எல்லாவற்றுக்கும் ‘உயிரினங்களின் தோற்றம்’

டார்வினின் அந்தப் புத்தகம் வந்தது 1859-இல். நாவலின் ஆண்டைப் பாருங்கள்.

சுவரைப் பார்க்காமல் போவது

தாமஸ் ஹார்டியின் ‘டெஸ்’ (1891) நாவலில், மணமக்களான டெஸ்ஸும் ஏஞ்சலும் தங்கும் பழைய வீட்டில் டெஸ்ஸின் முன்னோர்களான இரண்டு பெண்களின் படங்கள். கழற்ற முடியாதபடி சுவரோடு பதித்தவை. அந்தக் குரூர முகங்களில் அவளுடைய அழகிய சாயல் தெரிகிறது. டெஸ் தன் கடந்தகாலக் கதையைச் சொன்ன இரவு, ஏஞ்சல் மாடியேறுகிறான், தயங்குகிறான், அவள் கதவுப் பக்கம் திரும்புகிறான். கதவுக்கு மேலே அந்தப் படம். அப்படியே கீழே இறங்கிவிடுகிறான்.