கம்பஸுக்கு வரும்போதே பிரதிகளைக் கட்டாகக் கொண்டு வாருங்கள்

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்குப் புதிதாக வருகிறீர்களா? அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், உயர்தரப் பெறுபேறு மூன்றிலும் ஏழெட்டுப் பிரதிகள் எடுத்து, பிரதிகளை உறுதிப்படுத்தித் தரும் ஊரிலுள்ள சமாதான நீதவானிடம் (JP) ஒரே தடவையில் ஒப்பமும் முத்திரையும் வாங்கிவிட்டு பஸ் ஏறுங்கள். அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் ஒரே தாளில் வரட்டும். பின்பக்கம் இல்லையென்று திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கிறது.

முதல் வாரங்களில் விடுதி, மகாபொல புலமைப்பரிசில், வங்கிக் கணக்கு என்று ஒவ்வோர் இடத்திலும் கிட்டத்தட்ட இதே தாள்களைத்தான் கேட்பார்கள். ஊரில் உங்களைத் தெரிந்த சமாதான நீதவான் திண்ணையில் வைத்தே போட்டுத் தருவார். வளாகம் இருக்கும் கோணேசபுரிக்கு வந்த பிறகு அந்த முத்திரைக்காக விரிவுரையை விட்டுவிட்டு, நிலாவெளி வீதியில் பஸ்ஸுக்கு நின்று டவுனுக்குப் போக வேண்டிவரும். அந்த வெயிலில் அது தேவையா? போனிலும் தெளிவாக ஒரு ஸ்கேன் வைத்திருங்கள். இணைய விண்ணப்பங்களுக்கு அது போதும்.

கிராம சேவகர் சான்றிதழை மட்டும் இப்படிச் சேர்த்து வைக்காதீர்கள். அதற்குக் காலாவதி உண்டு, தேவை வரும்போது புதிதாக எடுப்பதுதான் சரி. வங்கியில் மூல அடையாள அட்டையையும் பார்ப்பார்கள், அதனால் அதைக் கையோடு வைத்திருங்கள். மகாபொல படிவத்தில் யார் உறுதிப்படுத்த வேண்டும் என்று தனியாகக் குறிப்பிட்டிருந்தால், அவரிடமே போங்கள்.